சிலோன் சென்றுவிட்ட ரெங்கசாமி

பொன்னமராவதிக்குத் தெற்கே நெருஞ்சிப்பட்டி என்று ஒரு செம்மண் ஊர். அந்த ஊரில் கடலைச் சாகுபடி செய்து பிழைத்துவந்த ரெங்கசாமி, தன் நாற்பத்தொன்பதாவது வயதில், வேலைக்கும் இல்லாமல் வியாபாரத்துக்கும் இல்லாமல், வெறுமனே நடப்பதற்கென்று கடல் தாண்டிப் புறப்பட்டார். நடப்பதற்கு நெருஞ்சிப்பட்டியில் இடமா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அதைத்தான் கேட்டார். கேட்டு என்ன செய்ய? நேர்ந்துகொண்டது அவர் இல்லை, அவர் மனைவி பொன்னுத்தாய்.

சுதந்திரம் வந்த வருஷம் ரெங்கசாமிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. இருபது நாள் கண் திறக்கவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போன அன்று பொன்னுத்தாய் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு வாசலில் நின்று, கதிர்காமத்து முருகனை உரக்கக் கூப்பிட்டாள். இந்த மனுசனை எனக்குத் திருப்பிக் கொடு, ஒன் சன்னிதிக்குக் கால்நடையாவே வருவாரு என்றாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. பக்கத்தில் விராலிமலை இருக்க, குமரமலை இருக்க, கதிர்காமம் எதற்கு என்றால், அவள் அண்ணன் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பிய கதிர்காமத்து விபூதிதான் அன்று வீட்டில் இருந்தது. அதைத்தான் அள்ளி நெற்றியில் பூசினாள். பழனி விபூதி இருந்திருந்தால் கதையே வேறு.

அப்போது சிலோன் வெளிநாடாகவும் இருக்கவில்லை. புதுக்கோட்டையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் மறுநாள் அங்கே நிற்கலாம். பங்குனிப் பொங்கலுக்கு வந்துபோகிற ஆட்கள் அதை ஏதோ மதுரைக்குப் போய் வந்ததுபோலச் சொல்வார்கள். ரெங்கசாமி தேறி எழுந்து, கடன் கழித்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் அங்கே ஒரு சர்க்காரும் இங்கே ஒரு சர்க்காரும் உட்கார்ந்துவிட்டன. பாஸ்போர்ட் என்றார்கள், விசா என்றார்கள். சாமி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஊர்தான் தூரமாகிவிட்டது.

ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. ஆனால் பொன்னுத்தாய்க்கு நிம்மதி இல்லை. புருஷன் தும்மினால் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் உயிர் இரவல் உயிர், கொடுத்தவன் எந்த நேரமும் கேட்பான் என்பது அவள் எண்ணம். ராத்திரியில் எழுந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். அவர் விழித்துக்கொண்டு முறைத்தால், கொசு என்பாள். ஐம்பத்தாறாம் வருஷத் தைமாசம் கடலைக்காட்டில் ஒரு நல்ல பாம்பு ரெங்கசாமியின் பாதத்தின் மேலேயே ஊர்ந்து, ஒன்றும் செய்யாமல் போயிற்று. மற்றவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். பொன்னுத்தாய் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

“அது நோட்டீசுங்க. இந்த வருசம் போகலைன்னா அடுத்த தடவை சும்மா போகாது.”

ரெங்கசாமிக்குச் சாமி மேல் பெரிய வெறுப்பும் இல்லை, பெரிய உறவும் இல்லை. பெயரில் பெருமாள், நேர்த்தியில் முருகன், நடுவில் அவர். ஆனால் மனைவி அழுவதை அவரால் பார்க்க முடியாது. சரி, போகிறேன் என்றுவிட்டார். எப்படிப் போவது என்பதை அப்புறம்தான் யோசித்தார்.

யோசனைக்கு ஒரே புகலிடம் அழகுமலை. ரெங்கசாமிக்கு மச்சான் முறை, மட்டக்களப்பில் ஒரு கடையில் பதினாறு வருஷம் சமையல் செய்துவிட்டுத் திரும்பியவர். சிலோனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததெல்லாம் நாளுக்கொரு விதமாகத் தெரியும் என்பதுதான் சங்கடம். தலைமன்னாரில் இறங்கிக் கிழக்குக் கரைக்குப் போய்விட்டால் கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டம் வரும், அதோடு சேர்ந்து திருகோணமலை, மட்டக்களப்பு என்று தெற்கே இறங்கிக் காட்டைக் கடந்தால் ஆடிக் கொடியேற்றத்துக்குப் போய்விடலாம் என்றார். காடு எத்தனை நாள் என்று கேட்டால் திங்கட்கிழமை நாலு நாள் என்பார், வியாழக்கிழமை ஒன்பது நாள் என்பார்.

“அட்டை கடிக்கும் மச்சான். உப்பு மூட்டை ஒண்ணு கட்டாயம் வேணும்.”

“எம்புட்டு உப்பு?”

“நீங்க போற பக்கம் அட்டை இருக்காது. அது மலைப்பக்கம். ஆனா உப்பு வச்சுக்கங்க. ஆனை வந்தா?”

“ஆனைக்கு உப்பா?”

“ஆனைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. கும்பிட்டு நிக்கணும். ஓடக்கூடாது. ஓடித் தப்பிச்சவங்களும் இருக்காக.”

ஓடுவதா நிற்பதா என்று தெளிவாகாமலே ரெங்கசாமி வீடு வந்து சேர்ந்தார். உப்பு மட்டும் ஒரு படி கட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்து நடைப் பழக்கம். காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்த கால்தான், ஆனாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மைல் என்று அழகுமலை சொன்னதால், விடியற்காலையில் எழுந்து பொன்னமராவதி வரை போய்த் திரும்பிவரத் தொடங்கினார். தோளில் உப்பு மூட்டை, அவல், வறுத்த மாவு, பித்தளைச் செம்பு. வழியில் பார்த்தவர்கள் எங்கே போறீக என்றார்கள். பொன்னமராவதிக்கு என்றார். என்ன சோலியா என்றார்கள். சோலி ஒன்றுமில்லை, திரும்பத்தான் போகிறேன் என்றார். இரண்டு வாரத்தில், ரெங்கசாமிக்குப் பாம்பு கடிக்காவிட்டாலும் எங்கேயோ விஷம் ஏறியிருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டும் என்றதும் பொன்னுத்தாய் குறுக்கே விழுந்தாள். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்பது அவள் வீட்டு நம்பிக்கை. ஆயுளுக்காகத்தானே இத்தனை பாடு, அதையே குறைத்துக்கொண்டு போவதா என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது ரெங்கசாமிக்கு. நடந்தால் ஆயுள் நீளும், நடக்கப் படம் வேண்டும், படம் எடுத்தால் ஆயுள் குறையும், ஆக மொத்தம் கூடுமா குறையுமா என்று மூன்று நாள் குழம்பினார். கடைசியில் பொன்னுத்தாயே ஒரு வழி சொன்னாள். படம் பிடிக்கிற நேரத்தில் அவர் மடியில் அந்தக் கதிர்காமத்து விபூதியை முடிந்துகொள்ள வேண்டும். புதுக்கோட்டை ஸ்டுடியோவில் போட்டோக்காரர் நிமிரச் சொன்னபோதெல்லாம் ரெங்கசாமி குனிந்து மடியைத் தடவியது அந்த முடிச்சுக்காகத்தான். படத்தில் ஏதோ திருடிவிட்டு உட்கார்ந்தவர் மாதிரி விழுந்திருந்தார்.

மனு எழுதப் புதுக்கோட்டையில் ஓர் ஆபீஸ். அங்கே குமாஸ்தா நல்ல மனிதர், படிவம்தான் பொல்லாதது. பிறந்த தேதி என்றார். ரெங்கசாமி நட்சத்திரம் சொன்னார். அங்கே தங்கப்போகிற விலாசம் என்றார். எந்தக் கோயில் மண்டபத்தில் இருட்டுகிறதோ அது என்றார். கடைசியாகப் பிரயாணத்தின் நோக்கம்.

“உத்தியோகமா?”

“இல்லைங்க.”

“வியாபாரம்?”

“இல்லைங்க. நேர்த்திக்கடன். நடக்கணும்.”

“அதுக்கு இங்க கட்டம் இல்லையே. சொந்தக்காரங்களைப் பார்க்கவா?”

“மச்சினன் இருந்தாரு. செத்துப்போனாரு.”

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, பார்க்க ஆள் இல்லை என்றால் மீதி இருப்பது ஒரே கட்டம்தான் என்று சொல்லி, ‘உல்லாசப் பயணம்’ என்று எழுதிவிட்டார். உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல், யானைக்காட்டில் நடப்பது உல்லாசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாமி என்ன நினைத்துக்கொள்ளும்? பொன்னுத்தாயிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

சித்திரை கடைசியில் விசாரணைக்கு ஏட்டு நாகராசு வந்தார். கீரமங்கலத்துக்காரர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு. மோர் குடித்தார். இவர் மேல் கேஸ் உண்டா, அடிதடி உண்டா என்று நாலு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு எழுந்தார்.

“அம்புட்டுத்தான். இனிமே நீங்க கெளம்ப வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மரியாதைக்குச் சொன்ன பேச்சு அது. வீட்டில் அதைச் சர்க்கார் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தாய் அன்று சாயங்காலமே பஞ்சாங்கம் பார்க்கப் போனாள். ரெங்கசாமியின் நட்சத்திரத்துக்கு ஆடிக்கு முன்னால் ஒரே ஒரு நல்ல நாள்தான் இருந்தது, வைகாசி ஏழாம் தேதி. பாஸ்போர்ட் கைக்கு வரட்டுமே என்று ரெங்கசாமி இழுத்தார். அழகுமலையும் வழி ஒன்று சொன்னார். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள் மூட்டையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள், புறப்பட்டதாகவே கணக்கு, அப்படிச் செய்யலாமே என்றார்.

“மூட்டையா நடக்கப்போகுது?” என்றாள் பொன்னுத்தாய்.

நெருஞ்சிப்பட்டியில் நடை நேர்த்திக்கு ஒரு கட்டு உண்டு. மஞ்சள் துணியில் விரலி மஞ்சளை முடிந்து வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிவிட்டால் அன்றிலிருந்து வண்டி ஏறக்கூடாது, ஒரு நாளும் நடக்காமல் இருக்கக்கூடாது. ஊர் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால், நேர்த்தி முடியாமல் திரும்பக் கல்லுக்கு உள்ளே கால் வைக்கவே கூடாது. வைத்தால் நேராமலே இருந்ததைவிடக் கேடு. கடலுக்கு என்ன செய்வது என்று பூசாரியைக் கேட்டார்கள். தண்ணீர் மேலே போவதெல்லாம் கணக்கில் வராது என்று அவர் பாம்பன் பாலத்தையும் கப்பலையும் சேர்த்தே தள்ளிவிட்டார்.

வைகாசி ஏழாம் தேதி காலையில் பொன்னுத்தாய் காப்புக் கட்டினாள். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. புதுக்கோட்டை ஆபீசில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அப்படியே தெற்கே திரும்பி, விசாவை வழியில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எல்லைக்கல் வரை வந்து நின்றாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் ரெங்கசாமி பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

புதுக்கோட்டை போய்ச் சேர இரண்டு நாளாயிற்று. குமாஸ்தா ஏதோ கோயில் திருவிழாவுக்கு லீவில் போயிருந்தார். வாசலில் இருந்த பியூன், அந்தப் பெயரில் ஒன்றும் வரவில்லை, மெட்ராசிலிருந்து வரவேண்டும் என்றான். எப்போது வரும் என்றால், வரும்போது வரும் என்றான். நாலு நாள் கழித்துப் போனார். வரவில்லை. அப்புறம் ஒரு வாரம். வரவில்லை.

இப்போது ரெங்கசாமியின் நிலைமையைப் பாருங்கள். முன்னால் போக முடியாது, காகிதம் இல்லை. பின்னால் போக முடியாது, கையில் காப்பு. ஓரிடத்தில் உட்காரவும் முடியாது, ஒவ்வொரு நாளும் நடந்தே ஆகவேண்டும். ஆகவே நடந்தார். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை. அங்கே மண்டபத்தில் படுக்கை. அங்கிருந்து விராலிமலை. திரும்பப் புதுக்கோட்டை, ஆபீஸ், பியூன், வரவில்லை. பிறகு கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம். கோயிலில் கிடைத்த சோறு, கிடைக்காத நாளில் வறுத்த மாவு. உப்பு மட்டும் குறையவே இல்லை.

மற்ற நேர்த்திக்காரர்களுக்குப் பசி, வெயில், கொப்புளம் என்று பாடு தெளிவாக இருக்கும். இவருக்கு அதெல்லாம் போக ஒளிந்துகொள்ள வேண்டிய பாடும் சேர்ந்தது. ஊரைப் பொறுத்தவரை அவர் சிலோனில் இருக்கிறார். கீரமங்கலம் சந்தையில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும், அறுபது தேங்காய் அடுக்கியிருந்த வண்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். குந்தியபடியே எண்ணிப் பார்த்தார். இன்றைக்குத் திருகோணமலை தாண்டியிருக்க வேண்டும். பொன்னுத்தாய் அப்படித்தான் நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் கணக்கில் அவர் கடலோரமாக நடக்கிறார். இங்கே தேங்காய் வண்டிக்காரன் யாரய்யா நீ என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

விராலிமலையில் ஒரு குருக்களிடம் மெதுவாகக் கேட்டார். அங்கே நடக்க வேண்டிய தூரத்தை இங்கேயே நடந்தால் சாமி ஏற்றுக்கொள்ளுமா? குருக்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நேர்ந்துண்டது யார்?”

“வீட்டுலங்க.”

“அப்ப அவாளைத்தான் கேக்கணும். வாக்கு அவாளுது. நான் என்ன சொல்றது?”

கேட்கத்தான் முடியாதே. கேட்டால் அவர் போகவில்லை என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் மறுபடி ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள். பொய் சொல்லிவிடலாமா, ஆடி முடிந்ததும் போய், தரிசனம் ஆயிற்று என்று சொல்லிவிட்டால்? ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அது ஒன்று போதாதா? போதும் என்று விராலிமலையில் தோன்றும். குடுமியான்மலைக்கு வந்து சேர்வதற்குள், சாமி பெயரால் பெண்டாட்டியை ஏமாற்றுகிறவனுக்கு உயிர் எதற்கு என்று தோன்றும். இப்படி இரண்டு மலைக்கும் நடுவே அவர் மனசும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தது.

நாற்பத்தோராம் நாள் ஆபீசுக்குப் போனபோது குமாஸ்தாவே இருந்தார். ரெங்கசாமியைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏய்யா, நீ எப்ப திரும்பி வந்தே?”

“எங்கிருந்துங்க?”

குமாஸ்தா ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார். மேலே ஒரு ரிஜிஸ்தர் கவர். பாஸ்போர்ட் இந்த ஆபீசுக்கே வரவில்லை. மெட்ராசிலிருந்து நேரே நெருஞ்சிப்பட்டி விலாசத்துக்குப் போயிருக்கிறது, அவர் புறப்பட்ட மூன்றாம் நாள். ரெங்கசாமிக்கு இது ஆயுசில் தோன்றியிருக்காது. அவருக்குத் தெரிந்து சர்க்கார் காகிதம் எதுவும் வீடு தேடி வந்ததில்லை, ஜப்தி நோட்டீஸ் தவிர. தபால்காரர் கவரை நீட்டியிருக்கிறார். வாங்க வேண்டிய ஆள் எங்கே என்று கேட்டதற்கு, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பொன்னுத்தாய் பெருமையாகவே பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதில் கவர் மேல் சிவப்பு மசியில் இருந்தது. ‘விலாசதாரர் சிலோன் சென்றுவிட்டார்.’

சிலோன் போவதற்கான பாஸ்போர்ட், ஆள் சிலோன் போய்விட்டதால் திரும்பி வந்துவிட்டது. மெட்ராசில் இருந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு, இந்த நபர் பாஸ்போர்ட் இல்லாமல் சிலோன் சென்றது எப்படி என்று விசாரித்து எழுதவும் என்று, பாஸ்போர்ட்டை அங்கேயே நிறுத்திக்கொண்டு, கவரை மட்டும் இங்கே அனுப்பிவிட்டார்கள்.

“கள்ளத்தோணியா?” என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி.

“தோணியே பார்த்ததில்லைங்க. நான் போகவே இல்லைங்க. விராலிமலையில இருந்தேன்.”

“அதை நீ சொன்னா ஆச்சா? போயிட்டாருன்னு ஒன் சம்சாரம் சொல்லி, தபாலாபீசு எழுதியிருக்கு. போகலைன்னு அவங்களே வாக்குமூலம் கொடுத்தாத்தான் இது தீரும். இல்லைன்னா கேசு, ஜெயிலு. பாஸ்போர்ட் ஆயுசுக்கும் கெடையாது.”

ஏட்டு நாகராசுவைக் கூப்பிட்டு அந்தக் காகிதக் கட்டைக் கொடுத்தார்கள். நாகராசு பஸ்ஸில் போகலாம் என்றார். ரெங்கசாமி காப்பைக் காட்டினார். நாகராசுவும் இந்தப் பக்கத்து ஆள்தானே, வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரில் இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாள் நடையில்தான் ரெங்கசாமிக்குக் கால் வலித்தது. அதுவரை நானூறு மைலுக்கு மேல் நடந்திருந்தார், வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டார். நாகராசு ஊருக்குள் போய்ப் பொன்னுத்தாயை அழைத்து வந்தார். என்ன ஏது என்று சொல்லாமலே அழைத்து வந்திருக்க வேண்டும். தூரத்தில் புருஷனைக் கண்டதும் அவள் நடை நின்றுவிட்டது. பிறகு ஓட்டமாக வந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். முதலில் மணிக்கட்டைப் பார்த்தாள். காப்பு அழுக்கேறி அங்கேயே இருந்தது. பிறகு முகத்தை, அப்புறம் பாதத்தை.

நாகராசு காகிதத்தை விரித்து விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம்.

“ஒரே கேள்விதாம்மா. ஒங்க வீட்டுக்காரரு சிலோன் போனாரா, இல்லையா? போனாருன்னா கேசு. போகலைன்னா ஒரு கைநாட்டு, தீந்துச்சு.”

இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் ஒரு நொடி போதும். பொன்னுத்தாய் வாயைத் திறக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். நாகராசு மறுபடி கேட்டார். ரெங்கசாமிக்குத்தான் புரிந்தது. போகவில்லை என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். சாமியிடம் வாக்குக் கொடுத்த அதே வாயால். ஒன்பது வருஷம் எதற்குப் பயந்தாளோ அதை அவளே எழுதிக்கொடுத்து மைவைக்க வேண்டும்.

“ஏட்டய்யா, நான் போயிட்டுத்தான் வந்தேன். கதிர்காமம் பார்த்துட்டேன். அப்படியே எழுதிக்கிருங்க” என்றார்.

“ஏய்யா, ஜெயிலுக்குப் போக இம்புட்டு ஆசையா ஒனக்கு?”

“எழுதிக்கிருங்க. அவளை விட்டுருங்க.”

பொன்னுத்தாய் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“அவரு பொய் சொல்றாரு. போகலைங்க. நாந்தான் போயிட்டாருன்னு சொன்னேன், எனக்குத் தெரியாது. அவரு எங்கிட்டும் போகலை. எங்க வைக்கணும் கையை?”

மை தொட்டு அழுத்தினாள். காகிதத்தை மடித்துக்கொண்டிருந்த நாகராசுவிடம், அந்தப் பாஸ்போர்ட் இனி எப்போது வரும் என்று கேட்டாள். மெட்ராசுக்கு எழுதி, அவர்கள் பார்த்து, கையெழுத்தாகி வருவதற்குள் ஆடி போய்விடும், இனி அடுத்த வருஷ ஆடிதான் என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

அப்புறம் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். மன்னிப்புக் கேட்பதா, கோபப்படுவதா, செய்தது தப்பா இல்லையா, ரெங்கசாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஒரு வருசந்தானே. நான் விராலிமலைப் பக்கமே இருந்துக்கிறேன். நீ வீட்டுக்குப் போ.”

“நின்ன எடத்துல நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று ஊருக்குள் போய்விட்டாள்.

கோபம்தான் என்று நினைத்துக்கொண்டார். நியாயமான கோபம் என்றும் நினைத்துக்கொண்டார். வெயில் ஏறியது. போய்விடலாமா என்று இரண்டு முறை மூட்டையை எடுத்து இரண்டு முறை வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தலையில் பாயும் பானையும் கேழ்வரகு மாவுமாக ஒரு சுமை வந்தது, அடியில் பொன்னுத்தாய். கையில் கயிற்றோடு ஆடு ஒன்றும் வந்தது. கல்லின் பக்கத்தில் நிற்காமல், அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

“என்னா இது?” என்றார் ரெங்கசாமி.

“கல்லுக்கு உள்ள வரக்கூடாதுன்னு ஒங்களுக்குத்தானே கட்டு. நான் வெளிய வரக்கூடாதுன்னு எந்தச் சாமியும் சொல்லலை.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஒங்க மூக்குல மூச்சு இருக்கான்னு தெரியாம நாப்பது நாள் இருந்து பார்த்துட்டேன். இன்னும் ஒரு வருசம் என்னால ஆகாது. நடக்குறதை நடங்க. பொழுதுசாய இங்கிட்டு வந்துருங்க.”

கண் ஏன் இப்படிக் கரிக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

“பாத்துக்கிட்டே நிக்கிறீகளே, சுமையை எறக்குங்க. கழுத்து வலிக்குது” என்றாள் பொன்னுத்தாய்.